அப்பாவுக்குக் காது கேட்கும்

பிப்ரவரி 3, செவ்வாய்

இது போன வருடத்து டைரி. சிவகாசியில் அம்மா வேலை பார்க்கும் அச்சகத்தில் பைண்டிங் தப்பாகிப்போய் ஒதுக்கிய டைரிகளில் ஒன்று. ஜூன் மாதம் இரண்டு முறை வருகிறது. அக்டோபர் இல்லவே இல்லை. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நானே தேதி போட்டுக்கொள்கிறேன். "வாயத் திறந்துதான் பேச மாட்ட, இதுலயாவது எழுது" என்று ரேணுகா அக்கா கொடுத்தாள்.

இன்று அப்பா மூன்று முறை மீட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினார். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்பது. பிடுங்கியதை எங்கே வைத்தார் என்று அவருக்குத் தெரியாது. அரிசி டிரம்முக்குள் இருந்தது.

"ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?"

"போஸ்ட்டுல ஆளு நிக்கிறான். நீ பாட்டுக்குக் கரண்டப் போட்டா செத்துருவான்."

"ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"உனக்கு என்னடி தெரியும்?"

எனக்கு என்ன தெரியும்! பத்தாம் வகுப்பு அரையாண்டோடு நின்றவள். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று அம்மா எல்லாரிடமும் சொல்கிறாள். நானும் அப்படியே சொல்கிறேன். அரையாண்டில் கணக்கில் தொண்ணூற்றொன்று எடுத்ததை யாரும் கேட்பதில்லை. அம்மா அச்சகத்துக்கும், அக்கா பட்டாசுக் கடைக்குக் கணக்கெழுதவும் போய்விட்டால், அப்பா தெருவில் இறங்கி நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

பிப்ரவரி 5, வியாழன்

எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்காவை இருபத்திரண்டாம் தேதி ராஜபாளையத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை மில்லில் சூப்பர்வைசர். அக்காவுக்கு மாப்பிள்ளையின் போட்டோ பிடித்திருக்கிறது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

அப்பாவை என்ன செய்வது என்று அம்மா சமையலறையில் வைத்துப் பேசினாள்.

"பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிருவோமா?" என்றாள் அக்கா.

"பொண்ணப் பெத்தவரு இல்லாம எப்படிடி? வந்தவுக கேக்க மாட்டாகளா?"

"டாக்டர்கிட்ட காட்டலாம்மா" என்றேன் நான். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பேன்.

"காட்டி, அவரு மூளை வியாதின்னு எழுதிக் குடுத்து, ஊரு பூரா பைத்தியக்காரக் குடும்பம்னு சொல்லவா? பொண்ணுக்கும் நாளைக்கு வரும்பான். கல்யாணம் முடியட்டும். மறுநாளே கூட்டிட்டுப் போறேன்."

பிறகு அம்மாவே வழி கண்டுபிடித்தாள். அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்று சொல்லிவிடுவது. டிரான்ஸ்பார்மர் வெடித்ததில் போய்விட்டது என்று. காது கேட்காதவரிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்டு அவர் ஏறுக்குமாறாகப் பதில் சொன்னாலும் காதுமேல் பழி போய்விடும்.

அக்கா சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

குளிக்க மாட்டேன் என்று நாலு நாளாக அடம். தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தாலே கையை உதறுகிறார். நேற்று என் முழங்கையில் நகம் பட்டுக் கீறிவிட்டது. எரிச்சலில் சொம்பைத் தரையில் போட்டு உடைக்கப் பார்த்தேன். பித்தளைச் சொம்பு, உடையவில்லை.

இன்று வேறு மாதிரி செய்தேன். அவர் வேலையில் இருந்தபோது, கம்பியைத் தொடுவதற்கு முன்னால் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு 'லைன் கிளியர்' வாங்குவார். அங்கே கரண்டை நிறுத்திவிட்டோம் என்று சொன்னால்தான் கம்பத்தில் ஏறுவார். முப்பது வருடம் அது இல்லாமல் ஒரு கம்பியைத் தொட்டதில்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சார், லைன் கிளியர் குடுத்துட்டீங்களா? சரி சார்" என்று சும்மா பேசினேன்.

"எல்.சி. வாங்கிட்டேன்ப்பா. இப்பக் குளிக்கலாம்."

"நம்பர் வாங்குனியா?"

"வாங்கிட்டேன். நாப்பத்தேழு."

பேசாமல் வந்து உட்கார்ந்தார். முதுகு தேய்க்கும்போது எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது. அரைஞாண் கயிற்றை இந்த வருடத்தில் இரண்டாம் முறையாக இழுத்து முடிச்சுப் போட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "வயசானா வத்தத்தான செய்யும்" என்றாள். தினமும் பத்து மணி நேரம் பசை தடவிய விரல்களை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வந்து போனார்கள். ஏழு பேர். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்தோம்.

அம்மா அவர் காதருகில் போய், "மாப்பிள்ள வீட்டுக்காரவுக வந்துருக்காக!" என்று கத்தினாள்.

"ஏன்டி கத்துற? நான் என்ன செவிடா?" என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். "செவிட்டுக்காரவுக எல்லாரும் இதத்தான் சொல்வாக" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். மறுபடி சிரித்தார்கள்.

அப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "யாரு செத்துப்போனது?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். அம்மா போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. எதைச் சொன்னாலும் காது தாங்கிக்கொண்டது.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தனுஷ்கோடி மாமா. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாததால் அவர்தான் எல்லாம் பேசினார். போகும்போது அப்பாவின் கையைப் பிடித்து, "வாரோம் சம்பந்தி" என்று ஊரே கேட்கும்படி கத்தினார். அப்பா கையை உருவிக்கொண்டார்.

வைகாசியில் கல்யாணம்.

பிப்ரவரி 23, திங்கள்

ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "எல்லாரும் எதுக்கு என்னையப் பாத்துக் கத்துறீங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?"

மார்ச் 4, புதன்

தனுஷ்கோடி மாமா போன் செய்தார். அவருடைய மச்சான் மதுரையில் காது மிஷின் கடை வைத்திருக்கிறாராம். கல்யாணத்துக்கு முன் சம்பந்திக்குக் காது கேட்க வேண்டும், பெண்ணுக்குத் தாலி ஏறும்போது மேளச் சத்தம் கேட்காமல் ஓர் அப்பா நிற்கலாமா, செலவு என்னுடையது என்று சொன்னாராம்.

அம்மா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்ல மனுசனா வந்து வாச்சுருக்காரு பாரு" என்றாள், வைவது போல.

வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டுப் பார்க்கிறாள்.

மார்ச் 10, செவ்வாய்

தள்ளிப்போட முடியவில்லை. நாளை காரோடு வருகிறார். அம்மாவுக்கு லீவு கிடையாது. கிடைத்தாலும் அப்பா என்னோடு மட்டும்தான் காரில் உட்காருவார்.

அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

"உங்கக்கா வாழ்க்கை உன் கையிலதான்டி இருக்கு" என்றாள். அக்கா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

மார்ச் 11, புதன்

பரிசோதனை முடிந்தது. சத்தம் வராத சின்ன அறை, கண்ணாடி ஜன்னல். அப்பா தனியாக உட்கார மாட்டார் என்பதால் நானும் உள்ளே இருந்தேன். தலையில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

இரண்டு காதிலும் அநேகமாக ஒன்றுமே கேட்கவில்லை என்று தாளில் வந்தது. நல்ல சக்தியுள்ள மிஷினாகக் கொடுத்தார்கள்.

அம்மா எனக்கு இரண்டு முட்டை தோசை போட்டுக் கொடுத்தாள். இரண்டையும் அப்பாவுக்கு ஊட்டிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

மிஷினை மாட்டினால் அப்பா தலையைப் பிடித்துக்கொள்கிறார். நான் தட்டு வைத்தால் துள்ளுகிறார். குக்கர் விசில் அடித்தபோது கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். இழுத்து வெளியே கொண்டுவர அரை மணி நேரம்.

"டிரான்ஸ்பார்மர் கத்துது மீனா. லோடு தாங்கல. வெடிக்கப் போவுது. எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு."

"அது மிஷின்ப்பா."

"எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுடி!"

கழற்றிவிட்டேன். சாயங்காலம் மாமா வீடியோ காலில் வந்தார். அம்மா ஓடிவந்து மறுபடி மாட்டினாள்.

மார்ச் 19, வியாழன்

மிஷினுக்குள் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மாட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனாலும் அப்பா அதைக் கண்டாலே நடுங்குகிறார். பயம் எங்கேயோ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. சாப்பிட்டதை மறந்துவிடுகிறார், என் பெயரைச் சில நாள் மறந்துவிடுகிறார், இதை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 2, வியாழன்

அழைப்பிதழின் மாதிரியைக் காட்ட தனுஷ்கோடி மாமா சொல்லாமல் வந்துவிட்டார். அம்மாவும் அக்காவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அப்பா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு பீஸ் கட்டைக்கு எட்டிக்கொண்டிருந்தார். நான் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் விழுந்தோம். அவர் நெற்றி மேடை விளிம்பில் இடித்தது. நான் ஆத்திரத்தில், "ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டியா, சனியனே!" என்று கத்தினேன்.

திரும்பினால் வாசலில் மாமா.

அவர் உள்ளே வந்தார். துணியை நனைத்து அப்பாவின் நெற்றியில் வைத்து அழுத்தினார். அப்பா அவரிடம், "இந்தப் புள்ள யாரு வீட்டுப் புள்ள? ரொம்பக் கோவக்காரி" என்றார்.

சாயங்காலம் மாமா அம்மாவிடம் பேசினார். மதுரையில் வயதானவர்களுக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறாராம். காட்டிவிடலாம் என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "காது ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க அண்ணே. அதப் பாத்தா டாக்டருக்கே புரிஞ்சுரும்" என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு நானே மாற்றிவிடுவேன்.

டாக்டரம்மா அப்பாவிடம் தன் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அப்பா பிடித்தார். "இன்னும் பலமா." அவ்வளவுதான் வந்தது. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். மூன்றாவது முறை எழ முடியாமல் என்னைத் தேடினார். கம்பம் ஏறியவர்.

அதற்குப் பிறகு மாமா காது ரிப்போர்ட்டை நீட்டினார். டாக்டர் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"இவ்வளவு காது போயிருக்கா? அப்ப மறதி டெஸ்ட்ட இப்ப வச்சுப் பிரயோஜனம் இல்ல. நாம சொல்றது கேக்காமயே தப்பாப் பதில் சொல்வாரு, அத மறதின்னு எழுதிருவோம். காது கேக்காம இருந்தாலே வயசானவங்க இப்படித்தான் குழம்புவாங்க. ஆறு மாசம் மிஷின் போட்டுப் பழகட்டும். அப்புறம் கூட்டிட்டு வாங்க."

மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா பாப்பா, காதுதான். நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

அம்மா நினைத்தது அப்படியே நடந்துவிட்டது. ஆறு மாதத்தில் கல்யாணம் முடிந்து அக்கா மறுவீடும் வந்து போயிருப்பாள். நான் பேசாமல் எழுந்து வந்தால் போதும். பேசாமல் இருப்பது எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

நர்ஸ் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார். இன்னும் ஆறு மாதம் அப்பா காதில் அந்த மிஷின்.

"அப்பாவுக்குக் காது கேக்கும்" என்றேன்.

"என்னம்மா?"

"அப்பாவுக்குக் காது நல்லாக் கேக்கும். அன்னைக்கு நான்தான் கையத் தூக்க விடாமப் பிடிச்சுக்கிட்டேன்."

மாமா, "என்ன பாப்பா சொல்ற?" என்றார். அவரைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பா கையைத் தூக்கப் பார்த்தார். கைகள் ஜன்னலுக்குக் கீழே இருந்ததால் வெளியே தெரியவில்லை. ஒரு முறை, "மீனா, கேக்குது, சொல்லு" என்றுகூடச் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே இருந்தவர் என்னவென்று கேட்டதற்கு, தண்ணீர் கேட்கிறார் என்று சொன்னேன். பதினாறு வயதுப் பெண் பிடித்த பிடியை அவரால் விடுவிக்க முடியவில்லை. சிறிது நேரம் இழுத்துப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

டாக்டர் அப்பாவின் காதிலிருந்து மிஷினைக் கழற்றித் திறந்தார். பேட்டரி இல்லை. பிறகு எழுந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய், கதவோரம் நின்று, மூச்சு விடுவது போல, "சௌந்தரபாண்டி" என்றார்.

அப்பா திரும்பினார். "கேக்குதும்மா. அதுக்கு எதுக்கு ரகசியம் பேசுற?"

பிறகு முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். மூன்று வார்த்தை சொல்லி, பிறகு கேட்டார்கள். ஒன்றுகூட இல்லை. கடிகாரம் வரையச் சொன்னார்கள். அப்பா வட்டம் போட்டு, எண்களை எல்லாம் ஒரே ஓரத்தில் குவித்துவிட்டு, நிமிர்ந்து டாக்டரைப் பார்த்துச் சிரித்தார், சரியாகப் போட்டுவிட்டது போல. ஸ்கேனும் எடுத்தார்கள்.

"இது பைத்தியமா டாக்டர்?" என்று மாமா கேட்டார்.

"இல்லங்க. மூளையில செல்லு கொஞ்சம் கொஞ்சமாச் செத்துக்கிட்டு வருது. ஞாபகம் வைக்கிற இடம் முதல்ல சுருங்குது. மாத்திரைல நிக்காது, கொஞ்ச நாளைக்குக் கை குடுக்கும். உடம்பும் ரொம்ப வத்திருச்சு. முட்டை, பருப்பு, தினமும் நடை. விழாமப் பாத்துக்கணும், அதான் முக்கியம். ஒரு வருசம் முன்னாடியே வந்துருக்கலாம்."

"புள்ளைகளுக்கு வருமா?"

"இந்த வயசுல ஆரம்பிக்கிறது நேரா அப்படிப் புள்ளைகளுக்கு வர்றது குறைச்சல். வயசானா யாருக்கு வேணும்னாலும் வரலாம். உங்களுக்கும் எனக்கும்கூட."

திரும்பி வரும்போது மாமா காரைக் கல்லுப்பட்டியில் டீக்கடை முன் நிறுத்தினார். அப்பாவிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு, "சீனி போதுமா சம்பந்தி?" என்று கேட்டார். கத்தாமல் கேட்டார்.

"போதும்" என்றார் அப்பா.

ஏப்ரல் 10, வெள்ளி

அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "நல்லாருப்ப" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். வேறு ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டினார்களாம். பொருத்தம் இடிக்கிறதாம். ஆடி கழித்துப் பார்க்கலாம் என்றார். ஆடி கழித்து யாரும் பார்க்கப்போவதில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே சுவரைச் சுரண்டினாள்.

அக்கா பன்னிரண்டு நாளாக என்னிடம் பேசுவதில்லை. நான் உட்கார்ந்தால் எழுந்து போகிறாள். என் தட்டைத் தனியாக வைக்கிறாள். நான் என்ன அவள் கல்யாணத்தைக் கெடுக்கவா பேசினேன்? கோபமாக வருகிறது. யாரிடம் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அப்பாவிடம் படலாம். அவர் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார். இன்று பட்டேன். மறந்துவிட்டார்.

மாத்திரை ஆரம்பித்து இன்று பன்னிரண்டாம் நாள். ஒன்றும் மாறவில்லை. முட்டையை மட்டும் விரும்பிச் சாப்பிடுகிறார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மத்தியானம் அப்பாவை நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். கூடத்துக்கும் பின்வாசலுக்கும் பத்து நடை. ஆறாவது நடையில் அவர் நின்றுவிட்டார். அக்கா எழுந்து வந்தாள். போன் பார்த்துக்கொண்டிருந்தவள். அப்பாவின் மறுகையைப் பிடித்தாள். மூன்று பேரும் மீதி நாலு நடையை நடந்தோம்.

அப்பாவைப் படுக்க வைத்த பிறகு அக்கா அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவர் தூங்கும் வரை காலைப் பிடித்துவிட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்த ரூமுக்குள்ள, அப்பா எத்தன தடவ கையத் தூக்கப் பாத்தாரு?"

"எண்ணலக்கா" என்றேன்.

பதினேழு.